மஹாலியா ஜாக்சன் பாடக் கற்றது எங்கே?

கேள்வி இரண்டு பாகமாக வந்திருக்கிறது. காஸ்பல், அதாவது கறுப்பினக் கிறிஸ்தவ சபைகளின் பக்திப் பாட்டு, பாடிய அமெரிக்கப் பாடகி மஹாலியா ஜாக்சன் யாரிடம் பாட்டுப் படித்தார் என்பது ஒன்று. அந்தக் குரலை வைத்துக்கொண்டு, சர்ச்சுக்கு வெளியே பாடப்பட்ட கறுப்பின இசையான ப்ளூஸும் ஜாஸும் பாடியிருந்தால் பணம் கொட்டியிருக்குமே, கடைசிவரை ஏன் மறுத்தார் என்பது இன்னொன்று. இரண்டையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது. அவர் ப்ளூஸை மறுத்தார் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். வரிகளை மறுத்தார், மேடையை மறுத்தார், அதில் வந்திருக்கக்கூடிய காசையும் மறுத்தார், சரி. ஆனால் அதன் நாதத்தை அவர் ஒருநாளும் கைவிடவில்லை. அது அவர் தொண்டையில் குடியேறியது எப்படி என்று தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானே புரிந்துவிடும்.

அவர் பிறந்தது 1911 அக்டோபர் 26 அன்று, நியூ ஆர்லியன்ஸ் நகரில். மிசிசிப்பி ஆற்றின் கரைமேட்டை ஒட்டிய ஏழைக் குடியிருப்பு, பக்கத்திலேயே ரயில் தண்டவாளம். மூன்று அறை வீட்டுக்குள் பதின்மூன்று பேர், ஒரு நாய். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குவார், முடிவெட்டுவார், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கமும் செய்வார். ஆனால் இந்த வீட்டில் அவர் இல்லை. ஐந்தாறு வயசிலேயே அம்மா இறந்துபோக, பெரியம்மா மஹாலா எடுத்து வளர்த்தார். குழந்தைக்கு வைத்ததே அவர் பெயர்தான். ஊரில் எல்லாருக்கும் அவர் ‘ஆன்ட் டியூக்’. ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சமையல் வேலை. மகா கண்டிப்பு. வீட்டில் சர்ச் பாட்டைத் தவிர வேறு பாட்டு கூடாது.

நான்கு வயசிலிருந்தே சிறுமி மவுண்ட் மொரையா பாப்டிஸ்ட் சர்ச்சின் சிறுவர் பாடகர் குழுவில் பாடினாள். அந்தச் சபைகளில் பழைய கீதங்களைப் பாடும் முறை ஒன்று உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பாடலாசிரியர் ஐசக் வாட்ஸ் பெயரால் அதை ‘டாக்டர் வாட்ஸ்’ என்றே சொல்வார்கள். மூப்பர் ஒருவர் ஒரு வரியை வேகமாகச் சொல்லிக் கொடுப்பார்; சபை அந்த வரியை எடுத்து, தாளக்கட்டே இல்லாமல், ஒவ்வொரு எழுத்தையும் இழுத்து இழைத்து, ஆளாளுக்கு ஒரு சுழற்சி சேர்த்துப் பாடும். நம் ஊரில் விருத்தம் பாடக் கேட்டவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஒரே வித்தியாசம், இங்கே விருத்தத்தை நூறு பேர் சேர்ந்து பாடுகிறார்கள். பாட்டுப் புத்தகமும் எழுத்தறிவும் இல்லாத காலத்தில் ஏற்பட்ட வழக்கம் அது. சொல் முடிந்த இடத்தில் முனகல் ஆரம்பிக்கும். மஹாலியா மெதுவாகப் பாடிய எந்தப் பாட்டை எடுத்தாலும் அந்த முனகல் இருக்கும். ஒரு சொல்லின் நடுவிலேயே மூச்சு வாங்கி, மிச்சத்தை அப்புறம் சொல்வார். சங்கீத ஆசிரியர்கள் தலையில் அடித்துக்கொள்ளும் விஷயம். கேட்பவருக்கு மட்டும் அந்த இடத்தில்தான் நெஞ்சு அடைக்கும்.

வீட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு சபை இருந்தது. ‘சாங்க்டிஃபைட்’ என்று சொல்லப்படும் பரிசுத்தக் கூட்டத்தார். அங்கே ஆர்கனும் கிடையாது, பாடகர் குழுவும் கிடையாது. டிரம், ஜால்ரா, டம்பரீன், இரும்பு முக்கோணம், அதற்கு மேல் கையும் காலும். வந்தவர்கள் அத்தனை பேரும் தட்டிக் குதித்துப் பாடுவார்கள். அந்தத் தாளம் அடிமைக் காலத்திலிருந்தே கைமாறி வந்தது என்று மஹாலியா பின்னாளில் சொல்லியிருக்கிறார். தன் பாட்டில் இருக்கும் துள்ளல் அங்கிருந்து வந்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை. உறுப்பினராக இருந்தது பாப்டிஸ்ட் சபையில், காது போனதோ பக்கத்துச் சபைக்கு. இரண்டையும் ஒரே தொண்டையில் சேர்த்தவர் அவர். பிற்பாடு சிகாகோவில் எழுந்த அத்தனை சண்டைக்கும் இந்தச் சேர்க்கைதான் காரணம்.

மூன்றாவது வாத்தியார் கிராமஃபோன். பெரியம்மா மகன் ஃப்ரெட் ப்ளூஸ் தட்டுகள் வாங்கி வைத்திருந்தான். பெரியம்மா வேலைக்குப் போன நேரம் பார்த்து, தரை துடைத்துக்கொண்டே மஹாலியா பெஸி ஸ்மித்தைக் கேட்பாள். எந்த மைக்கும் இல்லாமல் கூடாரத்தின் கடைசி வரிசைவரை குரலை எட்டவைத்தவர் பெஸி ஸ்மித். அவரைப்போல வாயைத் திறந்து, வயிற்றிலிருந்து சத்தத்தை எடுத்துப் பார்ப்பாள். பெரியம்மாவின் தடை வீட்டுக்குள் எவ்வளவு செல்லுபடியானது என்பதற்கு இன்னொரு சங்கதி: அப்பா வழிச் சொந்தத்திலேயே சிலர் ப்ளூஸ் பாடகி மா ரெய்னியின் குழுவோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்கள். தெருவுக்கு வந்தால் பித்தளை வாத்தியக் கோஷ்டிகள். சாவு ஊர்வலத்தில் கல்லறைவரை இழுத்து இழுத்து வாசித்துப் போவார்கள், புதைத்துவிட்டுத் திரும்பும்போது துள்ளலாக வாசிப்பார்கள். மஹாலியாவின் கச்சேரியில் மெதுவான பாட்டுக்கு அடுத்து எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் கைதட்டுப் பாட்டு வந்து விழும்போதெல்லாம் எனக்கு இந்த ஊர்வலம்தான் ஞாபகம் வரும்.

பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு போச்சு. அதன்பிறகு துணி துவைப்பு, இஸ்திரி, வீட்டு வேலை.

1927 வாக்கில், பதினாறு வயசில், அம்மாவின் இன்னொரு சகோதரியோடு சிகாகோவுக்கு ரயில் ஏறினார். தென்மாநிலக் கறுப்பின மக்கள் லட்சக்கணக்கில் வடக்கே போய்க்கொண்டிருந்த காலம். நர்ஸ் ஆக வேண்டும் என்பது அவர் ஆசை. கிடைத்தது சலவை வேலையும் ஓட்டல் வேலையும். கிரேட்டர் சேலம் பாப்டிஸ்ட் சர்ச்சில் சேர்ந்தார். அந்தச் சபைப் போதகரின் மகன்களோடு ‘ஜான்சன் சிங்கர்ஸ்’ என்று ஒரு சின்னக் குழு. கடைத்தெருக்களில் காலியாகக் கிடந்த கடைகளை வாடகைக்கு எடுத்து நடத்திய சபைகளில் போய்ப் பாடுவார்கள். காணிக்கைத் தட்டில் விழும் சில்லறைதான் சம்பளம்.

பெரிய சர்ச்சுகளில் நிலைமை வேறு. சிகாகோவில் ஏற்கெனவே வேரூன்றிய கறுப்பின நடுத்தர வர்க்கம் தன் சபைகளில் பயிற்சி பெற்ற பாடகர் குழுக்களை வைத்து ஐரோப்பியப் பாணி சங்கீதம் பாடவைத்துக்கொண்டிருந்தது. தெற்கிலிருந்து வந்தவர்களின் கைதட்டும் ஆரவாரமும் அவர்களுக்குக் கூச்சத்தைக் கொடுத்தன. ஒரு போதகர் பீடத்திலிருந்தே மஹாலியாவின் பாட்டைக் கண்டித்திருக்கிறார். இவர் விடுவாரா? பிறந்ததிலிருந்து இப்படித்தான் பாடுகிறோம் என்று அங்கேயே பதில் சொன்னார். இப்படிச் சொன்னவர்களுக்கெல்லாம் அவர் எடுத்துக் காட்டிய வசனம் 47ஆம் சங்கீதம்: “சகல ஜனங்களே, கைகொட்டி, தேவனுக்கு முன்பாகக் கெம்பீரசத்தமாய் ஆர்ப்பரியுங்கள்.” வேதத்திலேயே இருக்கிறது, அப்புறம் என்ன?

வாழ்க்கையில் அவர் போன ஒரே பாட்டு வகுப்பு நடந்தது 1932இல். தோழி ஒருவரோடு பேராசிரியர் டுபோய் என்ற கறுப்பின டெனர் (உச்சக் குரல்) பாடகரிடம் போனார். கட்டணம் 4 டாலர். உலகமே பொருளாதாரப் பெருமந்தத்தில் கிடந்த காலம். கைக்கூலிக்கு உழைக்கும் பெண்ணுக்கு அது கொஞ்ச நஞ்சக் காசு இல்லை. ஒரு ஆன்மிகப் பாடலைப் பாடச் சொன்னார். மஹாலியா தன் வழக்கப்படி எடுத்தார். ஆசிரியர் நடுவிலேயே நிறுத்தினார். கத்தக் கூடாது, இப்படிப் பாடுவது நம் இனத்துக்கு கௌரவம் இல்லை, வெள்ளைக்காரர்களுக்குப் புரிகிற மாதிரிப் பாடக் கற்றுக்கொள் என்றார். வெளியே வந்ததும் மஹாலியாவுக்கு இரண்டு யோசனை. ஒன்று, 4 டாலர் போனது. இன்னொன்று, நான் வெள்ளைக்காரர்களுக்காகப் பாடவில்லையே, சர்ச்சில் கர்த்தருக்காகத்தானே பாடுகிறேன். திரும்பப் போகவே இல்லை. ஸ்வரக் குறிப்பு வாசிக்கவும் கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை.

டுபோயைத் திட்டுவது சுலபம். ஆனால் அவர் தலைமுறை அப்படித்தான் யோசித்தது. நன்றாகத் தொண்டையைப் பண்படுத்திப் பாடினால் மரியாதை கிடைக்கும், மரியாதை கிடைத்தால் உரிமை கிடைக்கும் என்று நம்பியவர்கள். பிற்பாடு நடந்தது நேர்மாறு என்பது இப்போது உட்கார்ந்து பார்க்கும் நமக்குத் தெரிகிறது.

இனி தாமஸ் டார்சி. இவரைப் பற்றித் தெரியாமல் கேள்வியின் இரண்டாம் பாகத்துக்குப் போக முடியாது. ‘ஜார்ஜியா டாம்’ என்ற பெயரில் ப்ளூஸ் எழுதி, பாடி, மா ரெய்னிக்குப் பியானோ வாசித்தவர். போதகர் மகன். முழுக்க சர்ச் பாட்டுக்குத் திரும்பியபோது அவர் மாற்றியது வரிகளைத்தான். பியானோவில் விரல்கள் பழைய இடத்திலேயே இருந்தன. 1932இல் பிரசவத்தில் மனைவியையும், அடுத்து அந்தக் குழந்தையையும் இழந்த துக்கத்தில் அவர் எழுதிய ‘பிரெஷியஸ் லார்ட்’ இன்றைக்கும் உலகம் முழுக்கப் பாடப்படுகிறது. தன் பாட்டுகளை ஒற்றைத்தாளாக அச்சடித்து 10 சென்ட்டுக்கு விற்றார் டார்சி. பாட்டை யாராவது பாடிக் காட்டினால்தானே தாள் விற்கும்? மஹாலியா தெருமுனைகளில் நின்று பாடிக் காட்டினார். ஊர் ஊராக மாநாடுகளுக்கும் சபைகளுக்கும் இருவரும் பல வருஷம் சேர்ந்து போனார்கள். கச்சேரியை எப்படி மெதுவாகத் தொடங்கிச் சூடேற்றுவது, எங்கே நிறுத்துவது என்றெல்லாம் டார்சி சொல்லிக் கொடுக்கப் பார்த்தார். கொஞ்சம் கேட்டுக்கொண்டார், மிச்சத்தைத் தன் போக்கில்தான் செய்தார்.

இப்போது இரண்டாம் பாகம். ப்ளூஸ் பாடச் சொல்லி அவரைக் கூப்பிட்டவர்கள் சும்மா ஆட்கள் இல்லை. ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் தன் குழுவுக்கு அழைத்தார். 1937இல் டெக்கா ரெக்கார்டு கம்பெனி சிகாகோவில் அவரைவைத்து நான்கு பாட்டு பதிவு செய்தது, சரியாக விற்கவில்லை. ப்ளூஸ் பாடு என்றார்கள். மாட்டேன் என்றார். அத்தோடு டெக்கா முடிந்தது. அடுத்த ரெக்கார்டுக்கு அவர் கிட்டத்தட்ட பத்து வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்குள்ளேயும் நெருக்கடிதான். 1936இல் கல்யாணம் செய்துகொண்ட ஐசக் ஹாக்கன்ஹல் வேதியியல் படித்தவர். பெருமந்தத்தில் தபால்காரர் வேலை பார்த்தார். காஸ்பல் எல்லாம் உன் தகுதிக்குக் குறைச்சல், முறையாகப் பயின்று கச்சேரி மேடைக்குப் போ என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார். கையில் காசே இல்லாத ஒரு சமயம், அரசாங்க நாடகத் திட்டத்தில் ‘ஸ்விங் மிக்காடோ’ என்ற இசைநாடகத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அவர் வற்புறுத்த, மஹாலியா மனசில்லாமல் போய்ப் பாடிக் காட்டினார். தேர்வாகியும்விட்டார். அதே நேரம் கணவருக்கு வேலை கிடைத்த சேதி வரவும், விட்டால் போதும் என்று அதைத் தட்டிவிட்டார். அந்தக் கல்யாணமும் நிலைக்கவில்லை; கணவருக்குக் குதிரைப் பந்தயப் பழக்கமும் இருந்தது.

அந்த வருஷங்களில் இன்னொன்றும் நடந்தது. சிகாகோவுக்கு வந்திருந்த தாத்தாவைக் கொளுத்தும் வெயிலில் போட்டோ எடுத்துக்கொள்ள அனுப்பினார். அவர் அங்கேயே மயங்கி விழுந்துவிட்டார். பிழைத்தால் இனி தியேட்டர் பக்கமே போகமாட்டேன் என்று மஹாலியா பொருத்தனை செய்தார். தாத்தா பிழைத்தார். பிற்பாடு 1959இல் ஒரு ஹாலிவுட் படத்தில் அவரே வந்து பாடினார் என்பது வேறு கதை; பார்க்கப் போகமாட்டேன் என்றுதானே நேர்ந்துகொண்டார்!

காசுக்கு என்ன செய்தார்? பியூட்டி பார்லர் வைத்தார். பூக்கடை வைத்தார். சபைகளில் பாடப்போகும் இடத்திலெல்லாம் வாடிக்கை பிடித்தார். ப்ளூஸ் பாட மாட்டேன் என்ற பிடிவாதத்துக்குப் பின்னால் பக்தி மட்டும் நின்றிருந்தால் வயிறு காய்ந்திருக்கும். தலை முடியும் பூமாலையும் சோறு போட்டன. மறுப்புக்கு அவர் கொடுத்த விளக்கம் எளிமையானது. ப்ளூஸ் துக்கத்தைச் சொல்லும், சொல்லி முடித்த பிறகு சாய்ந்துகொள்ள ஒன்றும் இருக்காது. காஸ்பலில் துக்கத்துக்கு மருந்து உண்டு என்ற நம்பிக்கையோடு பாட்டு முடியும் என்பார். இதை வாதமாக ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். இத்தனை வருஷம் சம்பாத்தியத்தை இழந்து இதைக் காப்பாற்றினார் என்பதால், விளம்பரத்துக்குச் சொன்ன பேச்சு என்று மட்டும் யாரும் தள்ள முடியாது.

1946இல் நியூயார்க்கின் அப்போலோ ரெக்கார்ட்ஸ் ஒப்பந்தம் போட்டது. முதல் தட்டுகள் படுத்துவிட்டன. முதலாளி பெஸ் பெர்மன் கழற்றிவிடும் யோசனையில் இருந்தார். தயாரிப்பாளர் ஆர்ட் ஃப்ரீமன்தான், மஹாலியா குரலைச் சூடாக்கிக்கொள்வதற்காகப் பாடிக்கொண்டிருந்த ஒரு பாட்டைக் கேட்டு, இதையே பதிவு செய்யலாம் என்றார். 1947 செப்டம்பரில் பதிவான அந்தப் பாட்டு ‘மூவ் ஆன் அப் எ லிட்டில் ஹையர்’.

இதைக் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம்தான் பிடிக்கும். பாட்டு அடங்கவில்லை, இரண்டு பக்கமாக உடைத்துப் போட்டார்கள். பாதியில் எழுந்து தட்டைத் திருப்பிப் போட்டுத்தான் மிச்சத்தைக் கேட்க வேண்டும். முதல் பக்கத்தில் சிலுவையை இறக்கிவைத்துவிட்டு வீடு போய்ச்சேரும் ஆத்துமா. குரல் அவசரமே இல்லாமல் நடக்கிறது. போகப் போக ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்ப எடுத்து, ஒவ்வொரு முறையும் பரலோகத்தில் பார்க்கப்போகும் ஒருவரைச் சேர்க்கிறார். தானியேல் வருகிறார், தன்னைப் பெற்ற அம்மா வருகிறார். அம்மா என்று அவர் எடுக்கும்போது, ஐந்தாறு வயசில் தாயை இழந்தவர் பாடுகிறார் என்று தெரிந்து கேட்டால் அது வேறு பாட்டாகிவிடுகிறது. பியானோவும் ஆர்கனும் ஒரே சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்க, குரல் மட்டும் தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் விழுந்து, எட்டிப் பிடித்து, மறுபடி பின்னால் விழும். தொண்டையின் உறுமலும் வளைந்து இறங்கும் ஸ்வரங்களும் பெஸி ஸ்மித் வீட்டுச் சொத்து. ஏறிக்கொண்டே போவது பரிசுத்தக் கூட்டத்தார் தாளம். முதல் பக்கத்து இழுவை டாக்டர் வாட்ஸ். நியூ ஆர்லியன்ஸில் கேட்டதெல்லாம் ஒரே தட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது.

எழுதியவர் மெம்ஃபிஸ் நகரப் போதகர் ஹெர்பர்ட் பிரூஸ்டர். மேலே ஏறு என்றது பரலோகத்தை மட்டும் இல்லை, இந்தப் பூமியிலும் நம் ஜனம் மேலே ஏற வேண்டும் என்று நினைத்துத்தான் எழுதினேன் என்று பின்னாளில் அவரே விளக்கினார். வெளிப்படையாகச் சொன்னால் உதை விழும் ஊரில் அதைப் பாட்டுக்குள் வைத்துச் சொன்னார். தட்டு பிய்த்துக்கொண்டு போனது. பத்து லட்சத்தைத் தாண்டியது என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. எவ்வளவு தாண்டியது என்பதற்கு ஆளுக்கொரு கணக்கு. 2005இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்கும் ஒலிப்பதிவுப் பட்டியலில் இதையும் சேர்த்தார்கள். சிகாகோ வானொலியில் ஸ்டட்ஸ் டெர்க்கல் இதைத் திரும்பத் திரும்பப் போட்டதில்தான் வெள்ளைக்கார நேயர்கள் முதலில் மஹாலியாவைக் கேட்டார்கள்.

அதற்குப் பிந்தைய பட்டியலை வேகமாகவே தாண்டிவிடலாம். 1950இல் நியூயார்க்கின் பெரிய கச்சேரி அரங்கமான கார்னகி ஹால். 1951இல் மாசசூசெட்ஸில் இசை அறிஞர்கள் கூடி அவரை உட்காரவைத்துக் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள், இந்த நுட்பம் எங்கே கற்றது, அந்த அசைவு எங்கிருந்து வந்தது என்று. 1952இல் ஐரோப்பா. 1954இல் கொலம்பியா ரெக்கார்டு கம்பெனி, கூடவே சிபிஎஸ் வானொலியில் சொந்த நிகழ்ச்சி. கறுப்பினப் பெண் நடத்தும் நிகழ்ச்சிக்கு நாடளாவிய விளம்பரதாரர் கிடைக்காமல் சில மாதத்தில் அது நின்றது. காஸ்பலுக்கு என்று முதன்முதலாகக் கிராமி விருது ஏற்படுத்தியபோது அதை வாங்கியவரும் இவரே.

பணம் வந்தது, பயணம் மட்டும் சுலபமாகவில்லை. தெற்கே வெள்ளையர் ஓட்டல்கள் கறுப்பினத்தவருக்கு அறை தராது, சாப்பாடும் கிடைக்காது. பெரிய கேடிலாக் கார் வாங்கினார். ஆடம்பரத்துக்கு மட்டும் இல்லை, ராத்திரி அதிலேயே தூங்கலாம், சாப்பாட்டை அதிலேயே எடுத்துப் போகலாம். ஆரம்ப காலத்தில் கச்சேரி ஏற்பாட்டாளர்களிடம் ஏமாந்ததால் செக் என்றாலே அவருக்கு ஆகாது. ரொக்கமாகக் கையில் வாங்கி, ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு போவார். மேடையிலிருந்தே தலைகளை எண்ணிவிடுவார் என்று சொல்வார்கள். 1956இல் சிகாகோவில் வெள்ளையர் வசித்த சாத்தம் பகுதியில் வீடு வாங்கியபோது ஜன்னலில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. போலீஸ் காவல் போட வேண்டியிருந்தது.

கொலம்பியா காலத்துப் பதிவுகளைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். பெர்சி ஃபெய்த் ஆர்க்கெஸ்ட்ராவோடு வந்தது மாதிரியான வயலின் கூட்டம் சூழ்ந்த ஆல்பங்கள் அவருக்குப் பொருந்தவில்லை. குரல் அதே குரல்தான். சுற்றிலும் இருப்பவர்கள் முன்னால் காகிதத்தைப் பார்த்து வாசிக்கிறார்கள். மஹாலியா ஒரே பாட்டை ஒரே மாதிரி இரண்டு தரம் பாடாதவர். நினைத்த இடத்தில் நிற்பார், நினைத்த வரிக்குத் திரும்புவார். அவருக்குத் தேவை காகிதம் இல்லாமல் பின்னால் வரக்கூடிய ஒரே ஒரு ஆள். அந்த ஆள் மில்ட்ரெட் ஃபால்ஸ்.

நாற்பதுகளின் இறுதியிலிருந்து கிட்டத்தட்ட இருபது வருஷம் பியானோவில் இருந்தவர். அவர் இடது கையைக் கவனியுங்கள். தாழ்ந்த கட்டைகளில் உருண்டுகொண்டே இருக்கும் அந்தத் துடிப்புதான் டிரம் இல்லாத குறையைத் தீர்க்கிறது. மஹாலியா ஒரு சொல்லில் தங்கிவிட்டால் வலது கை சின்னதாக ஒரு பதில் சொல்லிவிட்டுக் காத்திருக்கும். பாடகி எப்போது இறங்குவார் என்று பார்த்து, அதே கணத்தில் தானும் இறங்கும். இப்படிப்பட்டவருக்கு மஹாலியா கொடுத்த சம்பளம் மிகக் குறைவு என்பது காஸ்பல் வட்டாரத்தில் தெரிந்த விஷயம். தன் காசு விஷயத்தில் அவ்வளவு உஷாராக இருந்தவர் இந்த அம்மாளுக்கு ஏன் இப்படிச் செய்தார் என்பதற்கு நியாயமான சமாதானம் எதையும் நான் பார்த்ததில்லை. ரசிகர்கள் பேசத் தயங்கும் பகுதி இது.

1958இல் இரண்டு சம்பவங்கள். ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எல்லிங்டன் தன் நீண்ட இசைக்கோவை ஒன்றில் பாட அழைத்தார். ஜாஸ் என்று தயங்கினாலும் அவர்மேல் இருந்த மரியாதையில் ஒப்புக்கொண்டார். பதிவு முடியும் கட்டத்தில், வேதாகமத்தைத் திறந்து 23ஆம் சங்கீதத்தைப் பாடுங்கள் என்றார் எல்லிங்டன். “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்” என்ற வசனங்களை எந்த மெட்டும் தயாரிப்பும் இல்லாமல் மஹாலியா அங்கேயே மெட்டமைத்துப் பாட, ஆர்க்கெஸ்ட்ரா பின்னால் வந்தது. சர்ச்சில் நாலு வயசிலிருந்து செய்துகொண்டிருந்ததை ஸ்டூடியோவில் செய்தார், அவ்வளவுதான். அதே வருஷம் ஜூலையில் நியூபோர்ட் ஜாஸ் விழா. சனிக்கிழமை ராத்திரி நள்ளிரவு தாண்டி, ஞாயிறு பிறந்துவிட்டது என்று அறிவித்த பிறகுதான் மேடையேறினார். மழைத் தூறலில் கூட்டம் கலையாமல் நின்றது. அங்கே எடுத்த படக்காட்சியில் முடிவில் அவர் முகத்தைப் பாருங்கள். இவ்வளவு கைதட்டலை அவரே எதிர்பார்க்கவில்லை என்பது அப்பட்டமாகத் தெரியும்.

கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் அவர் பங்கு பலருக்குத் தெரிந்ததால் சுருக்கமாகச் சொல்கிறேன். பஸ்ஸில் நிறப் பாகுபாட்டை எதிர்த்து நடந்த மான்ட்கமரி பஸ் புறக்கணிப்புக்கு ஆதரவாக 1956 டிசம்பரில் போய்ப் பாடியதிலிருந்து மார்ட்டின் லூதர் கிங்கோடு கடைசிவரை இருந்தார். மனசு சோர்ந்துபோகும் நேரத்தில் கிங் போன் போட்டு ஒரு பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்பார். 1963 ஆகஸ்ட் 28 வாஷிங்டன் பேரணியில் கிங் பேசுவதற்குக் கொஞ்சம் முன்னால் பாடியவர் இவர். பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, அந்தக் கனவைப் பற்றிச் சொல்லுங்கள் மார்ட்டின் என்று பின்னாலிருந்து குரல் கொடுத்ததை, உரையைத் தயாரிக்க உதவிய கிளாரன்ஸ் ஜோன்ஸ் எழுதிவைத்திருக்கிறார். கிங் எழுதி வைத்திருந்த தாளை விட்டுவிட்டார். பிரசங்கியாருக்குச் சபை குரல் கொடுப்பதும், அவர் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போவதும் பாப்டிஸ்ட் சபையில் வாராவாரம் நடப்பதுதான். மஹாலியாவுக்கு அது மேடையாகவே தோன்றியிருக்காது. 1968இல் கிங்கின் இறுதிச் சடங்கு நாளில் மோர்ஹவுஸ் கல்லூரியில் டார்சியின் ‘பிரெஷியஸ் லார்ட்’ பாடினார்.

உடம்பு அதற்குள் தளர்ந்திருந்தது. சார்காய்டோசிஸ் என்ற நோயோடு வெகுகாலம் போராடினார். அப்படியும் 1971இல் அமெரிக்க வெளியுறவுத் துறை ஏற்பாட்டில் இந்தியாவுக்கு வந்தார். கல்கத்தா, டெல்லி, பம்பாய், நம்ம மெட்ராஸ் நான்கிலும் பாடினார். டெல்லியில் இந்திரா காந்தியைச் சந்தித்தார். மெட்ராஸ் கச்சேரியை நேரில் கேட்ட பெரியவர்கள் யாராவது இதைப் படித்தால் நினைவிருப்பதை எழுதுங்கள், ஆவலாக இருக்கிறேன்.

1972 ஜனவரி 27 அன்று, அறுபது வயசில், சிகாகோ புறநகரில் காலமானார். சிகாகோ இறுதிச் சடங்கில் அதே ‘பிரெஷியஸ் லார்ட்’ பாடியவர் சோல் இசைப் பாடகி அரீதா ஃப்ராங்க்ளின். அரீதாவின் அப்பா பெயர்பெற்ற போதகர், மஹாலியா அந்த வீட்டுக்கு வந்துபோனவர். சர்ச் பாட்டையும் ப்ளூஸையும் பிரித்துவைத்த கோட்டை அரீதா கவலைப்படாமல் தாண்டினார். மஹாலியா தாண்டவில்லை. ஆனால் கோட்டுக்கு அந்தப் பக்கம் என்ன சத்தம் இருந்தது என்பதை இந்தப் பக்கம் நின்றே சபைகளுக்குப் பழக்கிவிட்டவர் அவர். அது பழகியதால்தான் அரீதா திரும்பி வந்து அதே 1972 ஜனவரியில் ஒரு சர்ச்சில் முழு காஸ்பல் ஆல்பம் பதிவு செய்தபோது யாருக்கும் அந்நியமாகப் படவில்லை.

எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். 1947க்கும் 1954க்கும் இடைப்பட்ட அப்போலோ பதிவுகள் முதலில். ‘சைலன்ட் நைட்’டும் அதில் உண்டு; டென்மார்க்கிலும் நார்வேயிலும் அவரைப் பிரபலமாக்கிய பாட்டு, நமக்கு மெட்டு ஏற்கெனவே தெரியும் என்பதால் அவர் அதை எங்கெல்லாம் வளைக்கிறார் என்று பிடிப்பது சுலபம். அடுத்து நியூபோர்ட் கச்சேரி. அதன்பிறகு பெஸி ஸ்மித் பாட்டு ஏதாவது ஒன்றைப் போட்டுவிட்டு மறுபடி மஹாலியாவுக்கு வாருங்கள். வயலின் ஆல்பங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.